அயனிக் கற்றைக்கு எந்த சோர்ஸ்? முதலில் பார்ட்டைக் காட்டுங்கள்

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் டைட்டானியத்தில் எலும்புத் திருகும் பிளேட்டும் செய்கிறவர். மேல்பரப்பில் நைட்ரஜனை ஏற்றித் தேய்மானத்தைக் குறைக்கப் பார்க்கிறார். இன்னொருவர் சிலிக்கோன் கத்தீட்டர் செய்கிறவர். அதன் மேல் வெள்ளிப் படலம் உரியாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வேலைக்கும் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு, வேண்டும். அதை உண்டாக்கிக் கற்றையாக (பீம்) விடும் கருவிதான் சோர்ஸ். கிரிட் என்பது அயனியை வெளியே இழுக்கும் துளையிட்ட தட்டு. இரண்டு பேர் கையிலும் மூன்று நான்கு கோட்டேஷன். "கிரிட் வைத்ததா, கிரிட் இல்லாததா, மைக்ரோவேவா, எதை வாங்கலாம்?"

மாப்பிள்ளை யாரென்று தெரியாமலே மண்டபம் புக் பண்ணுகிற கதைதான் இது. சோர்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பார்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதன் வடிவம் என்ன, மின்சாரம் கடத்துமா, எத்தனை டிகிரி தாங்கும், அப்புறம் அதன் மேல் வேறு என்ன அழுக்கு விழுந்தால் உங்கள் மருத்துவக் கருவி அனுமதி ஆபத்தில் மாட்டும். இதற்குப் பதில் சொன்னாலே பாதி கோட்டேஷன் தானாகக் குப்பைக்குப் போய்விடும்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, ஆற்றல். அயனியை வைத்து இரண்டு வகை வேலை செய்கிறோம், இரண்டும் வேறு வேறு உலகம். பரப்பைச் சுத்தம் செய்வது, சொரசொரப்பாக்குவது, படலம் படியும்போது கூடவே தட்டித் தட்டி ஒட்ட வைப்பது, இதற்கெல்லாம் சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒரு அயனியின் ஆற்றலை அளக்கும் அலகு) தொடங்கி ஆயிரம் வரை போதும். அயனியை உலோகத்துக்குள்ளேயே இறக்க வேண்டும் என்றால் பல பத்தாயிரம் எலக்ட்ரான் வோல்ட் தேவை. முதல் வேலைக்கான மெஷின் இரண்டாவதைச் செய்யாது. "ரெண்டும் பண்ணும் சார்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, டோஸ், அதாவது பரப்பில் எத்தனை அயனி ஏற்றுகிறோம் என்பது. டைட்டானியத்தில் நைட்ரஜன் ஏற்றும்போது பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁷ அயனி என்ற கணக்கில் போவார்கள். மின்னேற்றக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 0.016 கூலும். ஒரு திருகுக்கு 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால் 100 திருகுக்கு 16 கூலும். 5 மில்லி ஆம்பியர் பீமில் இது ஐம்பத்துச் சொச்சம் நிமிடம், அதுவும் பீம் முழுக்கத் திருகின் மேலேயே விழுந்தால். நடப்பில் பாதி பீம் திருகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் போய்விடும், ஆக இரண்டு மணி நேரம். பம்ப் போட்டு இறக்குவது, ஆறவிடுவது எல்லாம் தனி. கோட்டேஷனில் "அதிகபட்ச கரண்ட்" என்று ஒரு எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, சூடு. சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்பது கேட்கச் சின்ன எண்தான். அதையே 100 கிலோ வோல்ட்டில் விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட். வெற்றிடத்தில் காற்று இல்லை, சூடு எளிதாக வெளியேற வழி இல்லை. மெல்லிய உலோகத் தகடு அதைப் பிடித்திருக்கும் ஜிக்கோடு சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால் 400 டிகிரியை எளிதாகத் தொடும். டைட்டானியம் தாங்கும். நிட்டினால் (நிக்கல்-டைட்டானியக் கலவை) ஸ்டென்ட் 400, 500 டிகிரிக்குப் போனால் அது உருமாறும் வெப்பநிலையே நகர்ந்துவிடும், பிறகு அது உங்கள் ஸ்டென்ட் இல்லை. மூட்டில் போடும் பாலிஎத்திலீன் 135 டிகிரி வாக்கில் உருகிவிடும்.

நான்காவது, அழுக்கு. கோட்டேஷனில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, எனக்கு முக்கியமானதோ இதுதான். அயனிக் கற்றை எதன் மேல் பட்டாலும் அதன் அணுக்களைப் பெயர்த்தெடுக்கும். உங்கள் பார்ட்டை மட்டும் பெயர்க்கும், தன் சொந்த கிரிட்டை, சேம்பர் (வெற்றிட அறை) சுவரை, ஜிக்கை விட்டுவிடும் என்பதெல்லாம் கிடையாது. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் டைட்டானியப் பிளேட்டின் மேல் இரும்பு இருக்கிறது என்று எக்ஸ்பிஎஸ் சோதனை (பரப்பில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று எக்ஸ்-கதிரால் பார்ப்பது) காட்டியது. கிட்டத்தட்ட மூன்று வாரம் சோர்ஸைப் பிரித்து மாட்டினோம். கடைசியில் பார்த்தால் பிளேட்டைப் பிடித்திருந்த ஸ்டெயின்லெஸ் கிளிப்பின் ஓரத்தை பீம் அரித்து, அந்த இரும்பு பக்கத்திலேயே படிந்திருக்கிறது. டைட்டானியத்திலேயே கிளிப் வெட்டி மாட்டினோம், சரியாகிவிட்டது. மூன்று வாரம் போனது போனதுதான்.

ஐந்தாவது, காகிதம். அயனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்ட்டை உடைக்காமல் பார்ப்பது நடைமுறையில் கஷ்டம். இப்படிப் பின்னால் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியாத வேலைகளை முன்கூட்டியே வேலிடேட் செய்து, அதாவது ஒவ்வொரு முறையும் சரியாக வரும் என்று நிரூபித்து, வைத்திருக்க வேண்டும் என்கிறது மருத்துவக் கருவிகளுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 13485. ஆக நீங்கள் வாங்கும் சோர்ஸ் உங்கள் கோப்புக்குள் நுழைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்றினால் வேலிடேஷன், அநேகமாக ஐஎஸ்ஓ 10993 உயிர்ப்பொருத்தச் சோதனைகளில் சிலதும், மறுபடி முதலிலிருந்து. இது கல்யாணம் மாதிரி, பார்த்துச் செய்யுங்கள்.

## ஃபிலமென்ட்டும் கிரிட்டும்: காஃப்மன் சோர்ஸ்

நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஹெரால்ட் காஃப்மன் விண்கலத்தைத் தள்ளுவதற்காகச் செய்த இன்ஜின் இது. 1964 ஜூலையில் செர்ட்-1 பயணத்தில் பாதரச அயனிகளை உமிழ்ந்து அரை மணி நேரம் ஓடிக் காட்டியது. பிறகு அதே அமைப்பு ஆர்கானைக் குடித்துக்கொண்டு தரைக்கு வந்தது. உள்ளே ஒரு டங்ஸ்டன் ஃபிலமென்ட் எலக்ட்ரானை உமிழும், அது வாயுவை அயனியாக்கும், துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் இரண்டு கிரிட்டுகள் அயனியை வெளியே இழுக்கும், வாசலில் இன்னொரு ஃபிலமென்ட் எலக்ட்ரானைக் கலந்துவிடும்.

இதன் பலம், ஆற்றலையும் கரண்டையும் தனித்தனியாகத் திருப்பலாம், என்ன போகிறது என்று துல்லியமாகத் தெரியும். வேலிடேஷன் எழுதுகிறவருக்கு இது வரப்பிரசாதம். புரிந்துகொள்ளவும் எளிது, கற்றுக்கொள்கிற ஆட்களைக் கூட உட்கார வைத்துவிடலாம்.

தொல்லை, ஃபிலமென்ட். ஆர்கானில் சில பத்து மணி நேரம் ஓடும், ஆக்ஸிஜன் விட்டால் சில மணி நேரத்தில் அறுந்துவிடும். ஒருமுறை சூடேறிய டங்ஸ்டன் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், கழற்றும்போது துணுக்கு உள்ளே விழுந்தால் அதைத் தேடி எடுக்கும் வரைக்கும் டார்ச்சும் இடுக்கியுமாகக் குனிந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சேம்பரைத் திறந்தால் சுவரில் ஈரம் ஏறிக்கொள்ளும், மறுபடி நல்ல வெற்றிடம் வருவதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும். கிரிட்டுகளுக்கு நடுவே இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். சுவரிலிருந்து உரிந்த ஒரு செதில் அதில் உட்கார்ந்தால் ஷார்ட், மல்டிமீட்டரை வைத்தால் பீப் அடிக்கும், அன்றைய பேட்ச் அவ்வளவுதான்.

இன்னொரு மறைவான விஷயம் கிரிட் எதில் செய்தது என்பது. மாலிப்டினமா, கிராஃபைட்டா என்று கேளுங்கள். இரண்டும் அரிபடும், கிராஃபைட் குறைவாக அரிபடும். உடம்புக்குள் போகிற பொருளில் கார்பன் கொஞ்சம் படிந்திருக்கிறது என்று விளக்குவது, மாலிப்டினம் படிந்திருக்கிறது என்று விளக்குவதைவிட எளிது. டிஸ்சார்ஜ் வோல்டேஜை (உள்ளே வாயுவை அயனியாக்கும் வோல்டேஜ்) ஏற்றிக் கரண்டைக் கூட்டிக் காட்டினாலும் உஷார்: இரண்டு மின்னேற்றம் கொண்ட அயனிகள் பெருகி உள்பக்கத்தை அதிகமாக அரிக்கும். 40 வோல்ட் வாக்கில் நிறுத்துவதுதான் பழகியவர்கள் செய்வது.

ஆர்கான் மட்டும் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேட்ச்தான், ஆராய்ச்சிக் கட்டம் இன்னும் முடியவில்லை என்றால் இதுவே போதும்.

## ஃபிலமென்ட் இல்லை, கிரிட் உண்டு: ரேடியோ அலை, மைக்ரோவேவ்

ஃபிலமென்ட்டைத் தூக்கிவிட்டு, குவார்ட்ஸ் அல்லது அலுமினா கிண்ணத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள் போட்டு 13.56 மெகாஹெர்ட்ஸ் ஓட்டினால் ரேடியோ அலை சோர்ஸ். இதன் வேரும் விண்வெளிதான். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட் லோப் குழு 1960-களில் தொடங்கியது. 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவும் 875 காஸ் காந்தப் புலமும் சேர்ந்தால் எலக்ட்ரான் சுற்றும் வேகமும் அலையும் ஒத்துப்போய் பிளாஸ்மா (அயனியும் எலக்ட்ரானும் கலந்த வாயு) பற்றிக்கொள்ளும், அது இசிஆர் சோர்ஸ். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45-தான், அதனால்தான் அந்த அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் மலிவு.

ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான். நூற்றுக்கணக்கான மணி நேரம் திறக்காமல் ஓட்டலாம். ஆனால் கிரிட் இருக்கும் வரைக்கும் கிரிட்டின் நோயும் இருக்கும். மறைவான செலவு குவார்ட்ஸ் கிண்ணத்தில்: நீங்கள் வெள்ளியோ டைட்டானியமோ படியவிடும் சேம்பரில் கொஞ்சம் உலோகம் திரும்பி வந்து குவார்ட்ஸின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். கடத்தும் படலம் வந்துவிட்டால் அலை உள்ளே போகாது, பவரை ஏற்றிக்கொண்டே போவீர்கள், பீம் இறங்கிக்கொண்டே போகும். கிண்ணத்துக்கு ஸ்பேர் விலையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## கிரிட்டே வேண்டாம்: எண்ட்-ஹால்

கிரிட் உள்ள சோர்ஸில் ஒரு பௌதிக விதி குறுக்கே நிற்கிறது. இழுக்கும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கிடைக்கக்கூடிய கரண்ட் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். அதனால் 100 எலக்ட்ரான் வோல்ட்டில் மென்மையாக, ஆனால் நிறைய அயனி வேண்டும் என்றால் கிரிட் கைவிரித்துவிடும். காஃப்மனும் கூட்டாளிகளும் 1980-களின் கடைசியில் காப்புரிமை வாங்கிய எண்ட்-ஹால் சோர்ஸில் வளைய வடிவ ஆனோட், ஒரு காந்தம், வெளியே ஒரு எலக்ட்ரான் ஊற்று, அவ்வளவுதான். பிளாஸ்மாவுக்குள்ளேயே அயனி வேகம் எடுப்பதால் அந்த விதி இங்கே கட்டுப்படுத்தாது. ஆம்பியர் கணக்கில் ஓடும். ஆற்றல், டிஸ்சார்ஜ் வோல்டேஜில் சுமார் 60 சதவீதம்.

படலம் படியும்போது கூடவே தட்டிக்கொடுக்க, ஒட்டுதலைக் கூட்ட, பெரிய பரப்பைச் சுத்தம் செய்ய, இதற்கு நிகர் இல்லை என்பேன். பீம் அகலமாக விரியும், சுழலும் ஜிக் முழுவதையும் நனைக்கும். விலையும் குறைவு.

அந்தக் குறைந்த விலையைப் பார்த்து மயங்கினால் பில் பம்பில் வரும். இது வாயுவை நிறையக் குடிக்கும், அதை இழுக்கத் தெம்பான பம்ப் வேண்டும், இருக்கிற பம்ப் போதாது என்று தெரியவரும்போது சோர்ஸ் விலைக்குச் சமமாக இன்னொரு பில் எழுதுவீர்கள். அடியில் வாயுவைப் பரப்பும் தட்டு ஒன்று இருக்கும், அது அரிபட்டுக்கொண்டே போகும், அரிபட்டது உங்கள் பார்ட்டின் மேல்தான் வரும். விரியும் பீம் சுவரையும் கிளிப்பையும் சேர்த்தே அரிக்கும். ஆற்றலும் ஒரே எண்ணாக இருக்காது, பரவலாக இருக்கும். "இத்தனை எலக்ட்ரான் வோல்ட்" என்று கோப்பில் ஒரே எண் எழுத ஆசைப்படுகிறவருக்கு இது தலைவலி.

## உள்ளே இறக்க: உயர் வோல்டேஜ் பீம்லைன்

சோர்ஸிலிருந்து வரும் அயனியை உயர் வோல்டேஜில் வேகமாக்கிப் பார்ட்டின் மேல் விடும் மெஷின்தான் பீம்லைன். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஃப்ரீமன் செய்த சோர்ஸ் செமிகண்டக்டர் தொழிலைத் தாங்கியது. அதே ஹார்வெல்லில் ஜெஃப்ரி டியர்ன்லி குழு 1970-களில் நைட்ரஜன் ஏற்றினால் உலோகத் தேய்மானம் குறைகிறது என்று காட்டியது. 1980-களில் இது டைட்டானிய மூட்டுகளுக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் போனாலும் நைட்ரஜன் டைட்டானியத்துக்குள் கால் மைக்ரானைத் தாண்டாது. நைட்ரஜன் வாயுவிலிருந்து வரும் அயனிகளில் பெரும்பங்கு இரட்டை அணு அயனி. காந்தம் வைத்துப் பிரிக்காத மெஷினில் அது பரப்பில் மோதியதும் இரண்டாக உடைந்து ஆளுக்குப் பாதி ஆற்றலோடு இன்னும் ஆழம் குறைவாக உட்காரும். விளம்பரத்தில் 100 என்று இருக்கும், வாங்குவது பாதிக்கு மேல் 50. சரி, எண்ணைப் புரிந்துகொண்டு வாங்கினால் பரவாயில்லை. ஆனால் எலும்பு சிமென்ட் துணுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கீறுகிற இடத்தில் கால் மைக்ரான் எத்தனை நாள் தாங்கும்? இடுப்பு மூட்டின் உருண்டைத் தலைக்கு டைட்டானியத்தை விட்டுவிட்டு கோபால்ட்-குரோமுக்கும் செராமிக்குக்கும் உலகம் போனதற்குக் காரணம் உண்டு.

பீம் நேர்கோட்டில்தான் போகும், பார்க்காத இடத்தில் படாது. சாய்வாகப் பட்டால் ஏறுவதைவிடப் பெயர்வது அதிகமாகிவிடும். ஆகச் சுழற்றும் ஜிக் வேண்டும், வெற்றிடத்துக்குள் சுழல வேண்டும், குளிரவும் வேண்டும். இந்த ஜிக்கின் செலவைச் சோர்ஸ் விற்கிறவர் சொல்ல மாட்டார். தட்டையான பிளேட், முழங்கால் மூட்டின் வளைந்த பரப்பு போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

## பார்ட்டைப் பிளாஸ்மாவில் முக்குவது

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் கான்ராட் 1987-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். பீமைப் பார்ட்டின் மேல் விடுவதற்குப் பதில், பார்ட்டையே பிளாஸ்மாவுக்குள் வைத்து, அதற்குப் பல பத்தாயிரம் வோல்ட் நெகடிவ் துடிப்புகளைக் கொடுத்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் அயனி பாய்ந்து வரும். சுழற்ற வேண்டாம், ஒரே நேரத்தில் தட்டு நிறையப் பார்ட்டுகள்.

"எந்த வடிவமானாலும் சீராக ஏறும்" என்று எல்லோரும் சொல்வார்கள். திருகு செய்கிற நண்பர் இந்த வரியில்தான் விழுந்திருந்தார். பார்ட்டைச் சுற்றி அயனி வேகம் எடுக்கும் உறை ஒன்று உருவாகும். 30 கிலோ வோல்ட்டில், வழக்கமான பிளாஸ்மா அடர்த்தியில், அதன் தடிமன் தொடக்கத்திலேயே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை. உங்கள் திருகின் மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அவ்வளவு தடித்த உறையின் கண்ணுக்குத் திருகு வெறும் வழவழப்பான கம்பிதான். மரையின் முகட்டில் நிறைய விழும், பள்ளத்திலும் சரிவிலும் குறைவாக விழும். முழங்கால் மூட்டு அளவுக்குப் பெரிய வளைவுக்கு "சீராக" என்பது பெருமளவு உண்மை, மரைக்கு இல்லை.

அப்புறம், ஒவ்வொரு அயனியும் மோதும்போது பல எலக்ட்ரான்கள் கிளம்பி அதே வோல்டேஜில் சுவரை நோக்கி ஓடும். மின்சார பில்லில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. அவை சுவரில் மோதினால் எக்ஸ்-கதிர், கண்ணாடி ஜன்னல் வழியே கசியும். ஈயத் தடுப்புக்குக் காசு ஒதுக்குங்கள், மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் பேசிவிடுங்கள்.

சிலிக்கோன் போன்ற மின்கடத்தாப் பொருளில் துடிப்பு மேல்பரப்புக்கு வந்து சேராது. முன்னால் ஒரு உலோக வலையை வைத்து அதற்கு வோல்டேஜ் கொடுத்துச் சமாளிப்பார்கள், அந்த வலையும் அரிபடும். அப்படியும் பாலிமரில் இந்த முறைக்கு ஒரு தனி அழகு உண்டு: சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக் குழு காட்டியதுபோல, அயனி பட்ட பாலிமர் பரப்பு புரதத்தை இடைப்பசை எதுவும் இல்லாமல் நேரடி வேதிப்பிணைப்பில் பிடித்துக்கொள்ளும்.

## கொத்துக் கொத்தாக

கியோட்டோவில் இசாவோ யமாடா வளர்த்தெடுத்த வாயுக் கொத்து முறையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான ஆர்கான் அணுக்கள் ஒட்டிய கொத்தை 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விட்டால் ஆளுக்குப் பத்து எலக்ட்ரான் வோல்ட்தான் பங்கு வரும். ஆழமாகத் தோண்டாமல் மேட்டை மட்டும் பக்கவாட்டில் வழித்துவிடும். பரப்பை நானோமீட்டர் அளவுக்கு வழவழப்பாக்க அருமை. பம்ப் செலவு ராட்சசம், வேகம் ஆமை. விலை உயர்ந்த, எண்ணிக்கை குறைந்த பார்ட்டுக்கு மட்டும் யோசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் வேலை | பிறகு வரும் செலவு | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|
| காஃப்மன் | ஆர்கான், ஆராய்ச்சி, துல்லியம் | ஃபிலமென்ட், கிரிட் ஷார்ட் | ஆக்ஸிஜன், மூன்று ஷிஃப்ட் |
| ரேடியோ அலை, இசிஆர் | ஆக்ஸிஜன், நைட்ரஜன், நீண்ட ஓட்டம் | குவார்ட்ஸ் கிண்ணம், கிரிட் | மிகக் குறைந்த ஆற்றலில் அதிகக் கரண்ட் |
| எண்ட்-ஹால் | படலம் ஒட்ட வைக்க, பெரிய பரப்பு | பம்ப், அடித்தட்டு | ஒரே ஆற்றல் தேவைப்படும் வேலை |
| பீம்லைன் | தட்டை, மென்வளைவு உலோகம் | சுழலும் ஜிக், குளிரூட்டல் | குழி, மரை, நிட்டினால் |
| பிளாஸ்மாவில் முக்கல் | பெரிய வளைவு, நிறைய பார்ட் | ஈயத் தடுப்பு, மின்சாரம் | மரை, தடித்த பாலிமர் |
| வாயுக் கொத்து | வழவழப்பு | எல்லாமே | எண்ணிக்கை அதிகமான பார்ட் |

## அந்த இருவருக்கும் என்ன சொன்னேன்

கத்தீட்டர்காரருக்கு எண்ட்-ஹால். வெள்ளி படியும் சேம்பரில் குவார்ட்ஸ் கிண்ணம் வைத்தால் மாதக் கடைசியில் அழ வேண்டியிருக்கும். ஆற்றல் குறைவாக வைத்தால் சிலிக்கோன் அதிகம் சூடாகாது, எலக்ட்ரான் ஊற்றைச் சரியாக வைத்தால் மின்னேற்றம் தேங்கிப் பொறி பறந்து ஊசித் துளை விழாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: குழாயின் உள்பக்கத்துக்கு இதில் எந்த சோர்ஸும் வழி இல்லை. உள்பக்கமும் வேண்டும் என்று மருத்துவர் கேட்டால் அது வேறு தொழில்நுட்பம், வேறு கட்டுரை.

திருகுகாரருக்கு எதையும் வாங்காதீர்கள் என்றேன். ஒருமுறை இறுக்கிவிட்டு விட்டுவிடுகிற திருகில் தேய்மானம் உண்மையிலேயே பிரச்சினையா என்று முதலில் அவர் காட்ட வேண்டும். பிளேட்டுக்கு வேண்டுமானால் ஜாப் வொர்க் கொடுத்துப் பார்க்கலாம். டெல்லியின் இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டரில் இசிஆர் சோர்ஸோடு குறைந்த ஆற்றல் பீம் இருக்கிறது, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் ஆக்ஸிலரேட்டர்கள் உண்டு. அவை ஆராய்ச்சிக் கூடங்கள், மாதம் ஐயாயிரம் பிளேட் தள்ளித்தர மாட்டார்கள். ஆனால் பத்து மாதிரித் துண்டில் நைட்ரஜன் ஏற்றித் தேய்த்துப் பார்க்க, ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து போனால் வழி இருக்கும்.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்றால், ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவரிடம் நான்கு வெற்று சிலிக்கன் துண்டுகளைக் கொடுங்கள். உங்கள் ஜிக்கில், உங்கள் வாயுவில், உங்கள் நேரத்துக்கு ஓட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு, பீமுக்கு முதுகு காட்டி ஒன்று. நான்கையும் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு அனுப்பி இரும்பு, மாலிப்டினம், டங்ஸ்டன் மூன்றையும் தேடச் சொல்லுங்கள். முதுகு காட்டிய துண்டை முதலில் பாருங்கள், சுவரிலிருந்து என்ன வருகிறது என்பது அதில்தான் தெரியும்.